மணம் என்ற கட்டம்

மதியழகன் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தான். எதிரே கோகிலவாணி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஏரி வத்துற காலத்துல கரையோரமா நடந்திருக்கீங்களா மேடம்?" என்றான். "சேறு பாதி காஞ்சிருக்கும். மேல வெடிச்சு, உள்ள மட்டும் ஈரம் இருக்கும். அதுல ஒரு மாடு கால வெச்சுட்டுப் போனா அந்தக் குழியிலேருந்து வருமே, அந்த வாசங்க."

"வல்லாரைங்களா சார்?"

"சுத்தமான வல்லாரை."

அவள் படிவத்தில் மணம் என்ற கட்டத்துக்குள் 'இயல்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏரியும் சேறும் மாட்டுக் காலடியும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. அவன் மூடியை இறுக்கி, பாட்டிலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தன் மேசைக்குப் போனான்.

தருமபுரியில் பென்னாகரம் சாலையில் ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தப் பரிசோதனைக்கூடம். மூலிகையில் சத்து மாத்திரை செய்து விற்கிற கம்பெனிகள் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தங்கள் சரக்கை இங்கே அனுப்பும். டப்பாவில் போட்டிருக்கிற மூலிகைதான் உள்ளே இருக்கிறதா, உடம்பில் வேலை செய்கிற சத்து அதில் எவ்வளவு என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஊசியில் எடுத்து மெஷினுக்குள் விட்டால், கலந்து கிடக்கிற பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கணினித் திரையில் மலை மலையாக எழும். ஒவ்வொரு மலையும் ஒரு பொருள். மலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சத்து. ஆனால் கூடத்தின் முதலாளி பச்சியப்பன் மெஷினை முழுசாக நம்புகிறவர் இல்லை. ஒரு காலத்தில் மூலிகை மண்டி வைத்திருந்தவர். "மெஷினு எவ்வளவுன்னு சொல்லும். எதுன்னு மூக்குதான் சொல்லும்" என்பார். மோந்து பார்க்காத சாம்பிள் மெஷினுக்குப் போகக் கூடாது, மோந்தவர் கையெழுத்தில்லாமல் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய சொந்த மூக்கு பொடி போட்டுப் போட்டுச் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, அடுத்தவர் மூக்கின் மேல் அவருக்கு அத்தனை பக்தி.

கோகிலவாணியின் மூக்கு கொரோனா இரண்டாம் முறை வந்தபோது போனது. ஊரில் எல்லாருக்கும்தான் போனது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் திரும்பியும் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை. சோறு மென்று விழுங்குகிற பண்டமாக ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கிக் கருகினால் அம்மா கத்தித்தான் தெரியும். தலைக்கு மல்லிகை வைத்தால் கனம் மட்டும் இருக்கும். இதை அவள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பச்சியப்பன் அவளைக் கணக்கு டைப் அடிக்கிற மேசையில் உட்கார வைத்துவிடுவார். வேதியியல் படித்துவிட்டு அங்கே உட்காருவதைவிட வீட்டில் உட்காரலாம். தரகர் வேறு அவளைப் பற்றிப் போகிற இடமெல்லாம் மூக்கும் முழியுமான பொண்ணு என்று சொல்லி வைத்திருந்தார். அதில் பாதி வேலை செய்யாது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

மதியழகன் அதை அவனாகவே கண்டுபிடித்தான். ஒரு கம்பெனி அனுப்பிய கற்றாழைச் சாறு வழியிலேயே கெட்டுப் போயிருந்தது. பையைப் பிரித்ததும் கூடமே எழுந்து மாடிப்படிக்கு ஓடியது. கண்ணாடிக் குப்பி கழுவுகிற செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள். கோகிலவாணி மட்டும் அந்தப் பை பக்கத்தில் நின்று, அமைதியாக அளவுக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மதியழகன் கதவருகில் நின்று அவளைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவள் மேசைக்கு வந்தான், முதல் பாட்டிலை எடுத்துத் திறந்தான், மோந்தான், சொன்னான். அப்படித்தான் ஆரம்பித்தது. உங்களுக்கு மூக்கு இல்லையா என்று அவனும் கேட்கவில்லை, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று அவளும் கெஞ்சவில்லை.

முதலில் அவன் நல்லது, கெட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவள் முகத்தில் ஒரு வறட்சியைக் கண்டானோ என்னவோ, நீட்டிச் சொல்லத் தொடங்கினான். நன்னாரி என்றால் மத்தியானம் செம்மண் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு அதில் ஒரு கை நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினது போல. முருங்கை இலைத் தூள் பச்சரிசி ஊறின தண்ணீர். வெந்தயம், காய்ச்சல் விட்ட பிள்ளையின் தலையணை. அவள் பஸ்ஸில் வருகிறபோதே இன்றைக்கு ஏதாவது புதுச் சாம்பிள் வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். பழக்கமான பாட்டில் என்றால் அவன் சீக்கிரம் முடித்துவிடுவான். தெரியாத வேர் என்றால் கண்ணை மூடி யோசிப்பான். அந்த யோசனை நேரத்தில் அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இருந்தும் அவன் சார்தான், அவள் மேடம்தான். அதற்குக் காரணம் இருவருக்கும் தெரியும். ஒரு தடவை தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட, அவன் தன் பைக்கில் சுற்றுவழியாக அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டான். அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டாள்.

"தம்பி எந்த ஊருங்க?"

"பென்னாகரம் பக்கங்கம்மா." ஊர்ப் பெயரையும் சொன்னான்.

"ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

"அந்தாண்டங்கம்மா" என்று அவன் சிரித்தான்.

டீ காகிதக் கப்பில் வந்தது. வீட்டில் டம்ளர் இல்லாமல் இல்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் மிஞ்சின கப்புகளை அம்மா பரணிலிருந்து எடுத்திருந்தாள். அவன் கடைசிச் சொட்டுவரை குடித்து, டீ நல்லா இருக்குதுங்கம்மா என்று சொல்லி, கப்பை அங்கே போடாமல் கசக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். கோகிலவாணி அம்மாவிடம் சில நாள் பேசவில்லை. பேசாமல் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவுமில்லை. அது அவளுக்கு இன்னும் உறுத்துகிறது.

சித்திரை வெயிலில் ஒரு மாலை, வீடு திரும்புகிற பஸ் கணவாய் இறக்கத்தில் ஒரு சரக்கு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண்மணி சட்டென்று மூக்கைப் பொத்தினாள். கோகிலவாணியும் பொத்தினாள். பொத்திய பிறகுதான், நாம் எதற்குப் பொத்தினோம் என்று உறைத்தது. கையை எடுத்தாள். லாரியின் பிரேக் கருகுகிற வாடை, ரப்பரும் இரும்புமாக, அவள் தலைக்குள் ஏறியது. அவள் அதை ஆசை ஆசையாக இழுத்தாள். கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண்மணி, "என்னா கண்ணு, கொமட்டுதா? இந்தா, இத மோந்து பாரு" என்று இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். மோந்தாள். எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அவனிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பாட்டிலைத் திறந்துவிட்டான். கண்ணை மூடிவிட்டான். அப்புறம் சொல்லலாம் என்று விட்டாள். சொல்லிவிட்டால் அவனுக்கு அவள் மேசையில் வேலை இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கோகிலவாணி அப்படியொன்றும் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அவள் புளுகு கோடையைத் தாண்டி ஆடி மாதம்வரை ஓடியது.

அவன் போன பிறகு அவள் ரகசியமாகப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பாள். நன்னாரி நன்னாரியாகத்தான் இருந்தது. செம்மண்ணும் இல்லை, சர்க்கரையும் இல்லை. வெந்தயத்தில் தலையணை இல்லை. அவன் சொன்ன எதுவும் எந்தப் பாட்டிலுக்குள்ளும் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு, இத்தனை நாளும் ஒருவன் இல்லாததையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறானே என்று பாட்டிலை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் அவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். "பெங்களூர்ல ஒரு கம்பெனில கூப்புடுறாங்க மேடம். பெரிய லேப்பு." அங்கே இருக்கிற மெஷின் பெயரைச் சொன்னான். பொருளை அணு அணுவாக எடை போட்டுக் காட்டுகிற மெஷின். அவன் அதைப் பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்தவன். "வாடகைக்கு வூடு கேட்டாக்கூட அங்க சம்பளம் எவ்ளோன்னு மட்டுந்தான் கேப்பாங்களாம்" என்றான்.

"போறீங்களா சார்?"

"நான் போயிட்டா இங்க யாரு மோந்து சொல்லுவாங்க?" என்று சிரித்தான். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் பெங்களூர் கம்பெனிக்காரர்கள் போனில் கூப்பிடுவதும், இவன் மாடிப்படியில் நின்று கொஞ்சம் டைம் குடுங்க சார் என்று இழுப்பதும் அவள் காதில் விழுந்தன. அவளுடைய ஒரு பொய் அவன் காலைப் பிடித்து இழுத்து வைத்திருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் பிடியை விடாமல் இருந்தாள்.

தூறலும் காற்றுமாக இருந்த ஒரு காலையில் அமுக்கரா வேர்ப் பொடி வந்தது. அசுவகந்தா என்று டப்பாவில் போட்டு விற்பார்கள். குதிரை வாடை உள்ளது என்று அர்த்தம். தூக்கம் வராதவர்களும் கவலைப்படுகிறவர்களும் பெருத்துப்போன காலம், ஊரெல்லாம் இதைத்தான் விழுங்குகிறது. வேர் விலை ஏறிக் கிடந்தது. இலை மலிவு. வேரில் இருக்கிற வகைச் சத்து இலையிலும் உண்டு என்பதால், இலையை அரைத்துக் கலந்தால் மெஷினில் மொத்தக் கணக்கு தேறிவிடும். இந்தக் கம்பெனியும் மொத்தம் மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டிருந்தது.

மதியழகன் வந்தான். பாட்டிலைத் திறந்தான். கண்ணை மூடி இழுத்தான்.

"எங்கூரு பண்டிகைக்கு ஒரு குதிரை கொண்டாருவாங்க மேடம். சாமி ஊர்வலம் பாதியில மழை புடிச்சுக்கிச்சுன்னா அது நனைஞ்சுக்கிட்டே நிக்கும். ஒடம்புலேருந்து ஆவி வரும். அந்த வாசங்க. நல்ல வேரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு மத்தியானம் பெங்களூருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேங்க" என்றான்.

கோகிலவாணிக்கு முதலில் அடித்தது தைலம். அவன் கைக்குட்டையிலிருந்து வந்தது. அப்போதுதான் அவன் மூக்கு சிவந்திருப்பதையும், குரல் அடைத்திருப்பதையும் கவனித்தாள். அதற்கு அடியில் பாட்டிலிலிருந்து இன்னொரு வாடை வந்தது. மாட்டுக்குப் போட்ட தழை மறுநாள் வாடிக் கிடந்தால் வருகிற வாடை. குதிரையும் இல்லை, மழையும் இல்லை. பச்சை, இலைப் பச்சை.

அவனுக்குச் சளி. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அவள் கையெழுத்துப் போட முடியாமல் விழிப்பாளே என்று, நினைவிலிருந்து ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அவளுக்காகப் பொய் சொல்கிறான், அவளிடமே.

பேனா படிவத்தின் மேல் நின்றது. எதுவும் பேசாமல் பொடியை மெஷினில் போட்டுவிடலாம். திரையில் எழுகிற மலைகளை உற்றுப் பார்த்தால் இலை தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். மெஷினில் தெரிந்தது என்று சொல்லி வேலிக்கு ஓணானைச் சாட்சி வைத்துவிட்டால் சரக்கும் மாட்டிக்கொள்ளும், அவள் புளுகும் பிழைத்துக்கொள்ளும். அவன் மத்தியானம் போன் பண்ணிவிடுவான். நாளைக் காலை மறுபடி வருவான். அவளுக்கு அந்த நாளைக் காலை வேண்டும்போல இருந்தது.

"சார், இது வேர் இல்லீங்க. எலைதான் நெறைய கலந்திருக்குது."

"அதுக்குள்ள மெஷின்ல போட்டுட்டீங்களா?"

"இன்னும் போடலீங்க."

அவன் பாட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "பின்ன எப்பிடி?"

"மோந்தேங்க."

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. செல்லி குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியழகன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். இத்தனை நாளில் அவன் அவள் மேசையில் உட்கார்ந்ததே இல்லை.

"எப்பலேருந்துங்க?"

"சித்திரையிலேருந்து."

"அப்ப நான் சொன்னதையெல்லாம்..."

"கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன்."

"தப்புத் தப்பாச் சொல்லியிருப்பேனே."

"எல்லாமே தப்புங்க சார்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நன்னாரி அப்பிடி இல்லவே இல்ல. வெந்தயமும் இல்ல."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கைக்குட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "எனக்கு ரெண்டு நாளாச் சளிங்க. ஒண்ணுந் தெரியல" என்றான்.

"தெரியுங்க. தைலம் அடிக்குது."

அவன் கைக்குட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தான், குளிக்கிறபோது யாரோ பார்த்துவிட்டதுபோல. பிறகு நிமிர்ந்து, அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"அப்ப நான் போலாமுங்களா?"

அவன் கேட்டது வேலையைப் பற்றி மட்டும் இல்லை. வேறொரு பதிலுக்கும் அதில் இடம் விட்டிருந்தான். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. வாசலில் போட்ட நாற்காலி நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல, முதலில் அந்த வாசலில் போய் நின்று அம்மாவிடம் பேச வேண்டும். இதுவரை பேசாதவள், இவனை மட்டும் எந்த முகத்தோடு நிறுத்தி வைப்பது?

"போங்க சார்" என்றாள்.

அவன் எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டான்.

மத்தியானத்துக்குள் மெஷின் அவள் மூக்கை ஆமோதித்தது. இலையில் மட்டும் மிகுதியாக இருக்கிற ஒரு பொருள், மற்ற மலைகளையெல்லாம் குட்டையாக்கிவிட்டு ஒற்றையாக எழுந்து நின்றது. பச்சியப்பன் திரையைப் பார்த்துவிட்டு, யாரு புடிச்சது என்று கேட்டார். "மேடம் மூக்குங்கய்யா. மெஷினுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றான் மதியழகன். நான் அப்பவே சொல்லலையா என்று பச்சியப்பன் தன் சட்டத்தைத் தானே மெச்சிக்கொண்டார். அந்தக் கம்பெனி அதன் பிறகு இங்கே சாம்பிள் அனுப்பவில்லை.

ஆவணி பிறந்ததும் மதியழகன் பெங்களூருக்கு ரயில் ஏறினான். கூடத்தில் கேக் வெட்டினார்கள். செல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோகிலவாணி அழவில்லை, கேக் நன்றாக இருந்தது என்று சொன்னாள். அவன் மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், நல்ல பெண், கெட்டிக்காரி. அவரவர் பாட்டிலை அவரவர் மோந்து எழுதிக்கொண்டார்கள். வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, சாம்பிளைப் பிரிக்கிற நேரத்தில் அவள் போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்ததும், கூடத்துக்குள் போன் பேசக் கூடாது என்பதால் எழுந்து மாடிப்படிக்கு ஓடினாள். கையிலிருந்த பாட்டிலையும் கீழே வைக்க மறந்து எடுத்துக்கொண்டே போனாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேங்க. நீங்க?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. பெரிய மெஷினு. இங்க யாரும் எதையும் மோந்து பாக்குறதில்ல." அவன் பின்னால் பெங்களூரின் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போயின. "இன்னைக்கு என்னாங்க சாம்பிளு?"

"நன்னாரிங்க."

"சொல்லுங்க."

அவள் மூடியைத் திறந்தாள். கண்ணை மூடினாள். நன்னாரிதான், வேறெதுவும் இல்லை. அவனைப்போல எங்கிருந்தாவது எதையாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று தேடினாள். ஏரி, மழை, மாடு எல்லாம் அவனுடையவை. அவளிடம் இருந்தது தைலம் தடவின ஒரு கைக்குட்டையும், கோடையெல்லாம் வெயிலில் பைக் ஓட்டி வேலைக்கு வந்த ஓர் ஆளின் சட்டையும்தான். திரும்பி வந்த மூக்கு ஊரிலுள்ள எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டது. அது ஏங்கிக் கிடப்பது அந்த ஆளின் வாடைக்குத்தான்.

"மேடம்? இருக்கீங்களா?"

படியில் யாரும் வரவில்லை. கோகிலவாணி போனைக் காதிலிருந்து எடுத்து, மெதுவாக, தன் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக், தன் விரலில் ஒட்டியிருந்த மெத்தனால், அவ்வளவுதான். உள்ளே அவன் குரல் சின்னதாக, தூரத்தில், "சொல்லுங்க மேடம், சொல்லுங்க" என்றது.